கச்சேரிப் பதிவை இலவசமாகப் பகிர்ந்தால் கலைஞருக்கு லாபமா, நட்டமா?

வளர்ந்துவரும் கர்நாடக இசைப் பாடகர் ஒருவரின் கேள்வி இது: "என் கச்சேரிகளை யார் யாரோ செல்போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் போடுகிறார்கள். தடுப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா, இல்லை நானே எல்லாவற்றையும் இலவசமாகப் போட்டுவிடுவதா? இலவசப் பகிர்வு இசையை நம்பிப் பிழைப்பவர்களைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா?"

பாடுகிறவருக்கு ஒரு பதில். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு இன்னொரு பதில். நாட்டிய அரங்கேற்றங்களுக்குப் பாடிக் குடும்பம் நடத்துகிறவருக்கு முற்றிலும் வேறு பதில். "கலைஞர்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் மூவரையும் அடைத்துவிடுவதால்தான் இந்தச் சண்டை, இணையத்தில் பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பரிமாற வழிசெய்த நாப்ஸ்டர் காலத்திலிருந்து தீராமல் ஓடுகிறது.

எந்தப் பதிவானாலும் அதை வைத்துப் பார்க்க ஒரு உரைகல் போதும். அந்தப் பதிவைக் கேட்டவர் அடுத்த முறை அரங்குக்கு வருவாரா? அல்லது, அந்தப் பதிவு கையில் இருப்பதால் கலைஞரைக் கூப்பிடவே தேவையில்லை என்று ஆகிவிடுமா? முதலாவது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவது என்றால் ஒரு பிரதி வெளியே போவதுகூட யாரோ ஒருவரின் ஒருநாள் கூலி.

முதலில் உங்கள் வருமானத்தைப் பாருங்கள். சபாக் கச்சேரி, கோயில் உற்சவம், கல்யாண வரவேற்புக் கச்சேரி, நேரிலும் இணையத்திலும் எடுக்கும் பாட்டு வகுப்பு, அகில இந்திய வானொலியில் கிரேடு இருந்தால் அந்தச் சன்மானம், வாய்ப்பு அமைந்தால் ஒரு அமெரிக்கப் பயணம் (1978 முதல் நடக்கும் கிளீவ்லாண்டு தியாகராஜ ஆராதனையை ஒட்டித்தான் பலருடைய பயணத் தேதிகள் அமைகின்றன). இந்தப் பட்டியலில் பதிவு விற்ற காசு எங்கே வருகிறது? பெரும்பாலோருக்குக் கடைசி வரியில். கேசட், சிடி காலத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. கம்பெனி ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் பதிவை வாங்கிக்கொள்ளும். பிறகு எத்தனை பிரதி விற்றாலும், எத்தனை திருட்டுப் பிரதி போனாலும் லாபமும் நட்டமும் கம்பெனிக்கே. ராயல்டி பெற்றவர்கள் உண்டு, அவர்கள் விதிவிலக்குகள். எம். எஸ். சுப்புலட்சுமி பாடி 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட சுப்ரபாத இசைத்தட்டின் ராயல்டி திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குப் போயிற்று. அந்த மாதிரி ஒரு பதிவைத் திருட்டுத்தனமாக நகலெடுத்தால் நேரடியாக ஒருவர் வயிற்றில் அடித்ததாகும். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு பதிவு இருக்கிறது?

இசையமைத்தவருக்கான பங்கும் நம் துறையில் பெரிதாகக் கிடையாது. சியாமா சாஸ்திரி 1827இலும், தீட்சிதர் 1835இலும், தியாகராஜர் 1847இலும் மறைந்தார்கள். அவர்களுடைய உருப்படிகள் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: இந்தியச் சட்டப்படி படைத்தவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார். அவர் பாடல்களுக்கு 2033 கடைசி வரை உரிமை இருக்கிறது. பெரியசாமித் தூரன் மறைந்தது 1987இல், லால்குடி ஜெயராமன் 2013இல். லால்குடி தில்லானாவைப் பாடி, "என் பாட்டு, நான் இலவசமாகத் தருகிறேன்" என்று எழுதிப் போட்டால் பாதிதான் உண்மை. பாடியது உங்களுடையது, தில்லானா உங்களுடையது இல்லை.

சினிமா இசையில் கணக்கே வேறு. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்று ஆக்கினார்கள். திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதைத் தவிர மற்றப் பயன்பாடுகளுக்கு உரிமையாளரோடு சரிபாதி. அதை அவர்களுடைய ராயல்டி வசூல் சங்கமான ஐபிஆர்எஸ் வசூலித்துத் தருகிறது. அவர்களுக்கு ஒரு பாட்டு காசு கொடுக்காமல் ஒலித்தால் நேரடி நட்டம். அதே பாட்டில் வயலின் வாசித்தவருக்கு அன்றைய கால்ஷீட் சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. பாட்டு இலவசமாகச் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் வேலையைக் குறைத்தது, பதிந்து வைத்த வாத்திய ஒலிகளை விசைப்பலகையில் வாசிக்கவைக்கும் சாம்ப்ளர், அது இன்னொரு கதை. சினிமாக்காரர்களின் கோபத்தைக் கடன் வாங்கிக்கொண்டு கச்சேரிக்காரர்கள் கோபப்பட வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

கர்நாடக இசை ரசிகர்கள் பதிவைப் பரிமாறிக்கொள்வது இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்த பழக்கம். வானொலிக் கச்சேரியை ஸ்பூல் டேப்பில் பிடிப்பார்கள். சபாவில் மூன்றாவது வரிசையில் மடியில் கேசட் ரெக்கார்டரோடு ஒருவர் இருப்பார். "உன்னிடம் அந்த வருஷத்துத் தோடி இருக்கா, என்னிடம் இந்தக் காம்போதி இருக்கு" என்று பண்டமாற்று நடக்கும். கடையில் விற்கும் ஆல்பங்களைத் தவிர்த்துவிட்டு நேரடிக் கச்சேரிப் பதிவுகளை மட்டும் காசில்லாமல் பகிரும் சங்கீதப்ரியா தளம் அந்தப் பழக்கத்தின் இணைய வடிவம். விற்பனைக்கு உள்ளதைத் தொடாதே, விற்காதே, யார் வாசித்தார்கள் என்று எழுது. இந்த மூன்று எழுதப்படாத விதிகளும் காப்பாற்றப்பட்டவரை யாருக்கும் பெரிய கெடுதல் வரவில்லை. மாறாக, ஒரு பாணியைப் படிக்க விரும்பும் மாணவருக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு 1984இல் அரங்கில் பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கி டிக்கெட் விற்றது. மைக் கம்புகள் மற்றவர்களை மறைத்ததுதான் பிரச்சினை. ஒழித்துக்கட்டுவதற்குப் பதிலாக இடம் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு இரவும் பாடும் பட்டியலும் வாசிக்கும் விதமும் மாறுவதால், நேற்றைய பதிவு இன்றைய டிக்கெட்டைக் கெடுக்கவில்லை. மேடையிலேயே கற்பனையில் விரியும் மனோதர்மத்தை நம்பும் நமக்கு இந்தத் தர்க்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? நாப்ஸ்டர் 1999இல் வந்தது, 2001இல் நீதிமன்றத் தீர்ப்பால் மூடப்பட்டது. அமெரிக்கப் பதிவிசை வருமானம் 1999இல் சுமார் 1,460 கோடி டாலர். 2014இல் 700 கோடிக்கும் கீழே. அத்தனையும் இலவசப் பகிர்வால்தானா என்பதில்தான் சண்டை. ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ஃப் என்ற இருவர் 2002ஆம் ஆண்டின் 17 வாரப் பதிவிறக்கத் தரவை 680 ஆல்பங்களின் விற்பனையோடு ஒப்பிட்டார்கள். ஜெர்மன் பள்ளி விடுமுறைகளில் பகிரப்படும் கோப்புகள் கூடும். அப்போது அமெரிக்காவில் விற்பனை விழுகிறதா என்று பார்த்தார்கள். விளைவு பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவு என்று 2007இல் எழுதினார்கள். அந்த முடிவை மற்றப் பொருளாதார அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். 2014இல் ராபர்ட் ஹாமண்ட், வெளியீட்டுக்கு முன்பே கசிந்த ஆல்பங்களைப் பார்த்தார்: ஒரு மாதம் முன்னதாகக் கசிந்தால் சுமார் 60 பிரதி கூடுதலாக விற்கும், அதுவும் ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கு. அறுபதே அறுபது. இதை வைத்துக்கொண்டு "பைரசி நல்லது" என்று கொடி பிடித்தவர்களும் உண்டு.

நமக்கு உதவக்கூடியது 2012இல் மார்ட்டிமர், நோஸ்கோ, சோரன்சன் வெளியிட்ட ஆய்வு. பதிவு விற்பனையோடு மேடை வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். கோப்புப் பகிர்வு ஆல்பம் விற்பனையைக் குறைத்தது, ஆனால் சிறிய கலைஞர்களின் மேடை வருமானத்தைக் கூட்டியது. பெரிய நட்சத்திரங்களின் மேடை வருமானத்தில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. காரணம் ஊகிக்கக்கூடியதே: நட்சத்திரத்தை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும், பதிவு அவருக்குப் புதிதாக எந்த ரசிகரையும் தேடித் தராது. மதியம் இரண்டு மணி ஸ்லாட்டில் பாடுகிறவரை யாருக்கும் தெரியாது. அவருக்கு ஒரு நல்ல பதிவே விசிட்டிங் கார்டு.

இதற்கு நேர்மாறாகச் சிலர் காட்டும் உதாரணம் நைன் இன்ச் நெயில்ஸ் குழு. 2008இல் 36 உருப்படிகள் கொண்ட தொகுப்பில் முதல் 9ஐ இலவசமாக விட்டார்கள், முழுத் தொகுப்பை 5 டாலருக்கு விற்றார்கள், கையெழுத்திட்ட 2,500 பெட்டிகளைத் தலா 300 டாலருக்குப் போட்டார்கள். பெட்டிகள் மட்டுமே 7.5 லட்சம் டாலர். அழகான திட்டம். ஆனால் 300 டாலர் கொடுக்க 2,500 பேர் முன்கூட்டியே காத்திருக்க வேண்டும். அவர்களை உண்டாக்கியது அதற்கு முந்தைய இருபது வருடக் கம்பெனி விளம்பரம்.

இனி கெடுதலுக்கு வருவோம். சபா மேடையைவிட, வெளிச்சம் படாத இடங்களில்தான் அது நடக்கிறது.

பரதநாட்டியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல் என்று நான்கைந்து பேர், ஒத்திகைகள் தனி. ஸ்டுடியோவில் ஒரு மார்க்கம் (அரங்கேற்றத்தில் ஆடும் உருப்படிகளின் வரிசை) முழுவதையும் ஒருமுறை பதிவு செய்து வாங்கிக்கொண்டால், அந்தப் பென் டிரைவ் ஒரு நடனப் பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரே வர்ணத்துக்கு ஐம்பது மேடையில் ஐம்பது பெண்கள் ஆடுவார்கள். பாடியவருக்கும் மிருதங்கம் வாசித்தவருக்கும் கிடைத்தது ஒருநாள் ஸ்டுடியோ சம்பளம். அந்த ஐம்பதில் பத்து மேடையாவது நேரடி வாத்தியக் குழுவுக்குப் போயிருக்கும். ஆட்டத்துக்கு ஏற்ப ஒரு அரை நொடி காத்திருக்கும் பாடகர் போய், யாருக்கும் காத்திராத ஒலிபெருக்கி வந்தது. உரைகல்லில் வைத்துப் பார்த்தால் கறுப்பாகத்தான் தெரிகிறது.

நாதஸ்வரக்காரர்களின் கதை இன்னும் கொஞ்சம் கசப்பு. கோயிலில் தவிலுக்குப் பதில் மோட்டார் பொருத்திய முரசும் மணியும் சேர்ந்த தானியங்கி இயந்திரம் வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் பென் டிரைவிலிருந்து வருகிறது. இதில் சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கில் பதிவை ஒலிக்கவிடுவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று விளக்கமும் தருகிறது. ஆக, நாதஸ்வரப் பதிவு ஒன்று முகூர்த்தத்தில் ஒலித்தால் பதிவு செய்த வித்வானுக்கும் காசு இல்லை, நேரில் வந்திருக்க வேண்டிய வித்வானுக்கும் காசு இல்லை. மங்கல இசைப் பதிவை இலவசமாக விடுவதற்கு முன்பு ஒரு நாதஸ்வரக் கலைஞர் பத்துமுறை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. ராக ஆலாபனையை, ரக்தி மேளத்தை எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம். அதை யாரும் தாலி கட்டும்போது போட மாட்டார்கள். கெட்டிமேளத்தைத் தனிக் கோப்பாக வெட்டி விடக் கூடாது.

மூன்றாவது, பக்கவாத்தியம். உங்கள் பெயர் போட்டு ஒரு கச்சேரி யூடியூபில் லட்சம் பேரிடம் போகிறது. தலைப்பில் உங்கள் பெயர், ராகத்தின் பெயர், சபாவின் பெயர். வயலின்காரர் பெயர் விளக்கக் குறிப்பில் நாலாவது வரி. கடம் வாசித்தவர் பெயர் எங்குமே இல்லை. அதைக் கேட்டு யாராவது கடத்துக்குக் கூப்பிடுவார்களா? இலவசப் பகிர்வின் ஒரே கூலி விளம்பரம் என்றால், அந்தக் கூலியும் அவருக்குப் போகவில்லை. பெயரில்லாமல் பரவும் பதிவு பக்கவாத்தியக்காரருக்குச் சுத்த நட்டம்.

சரி, அரங்கில் செல்போனில் பிடிக்கிறவர்களைத் தடுக்க முடியுமா? சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது, நடைமுறைதான் வழவழ. 38ஏ பிரிவின்படி தன் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும், பிரதியெடுக்கவும், பொதுமக்களுக்குக் கொண்டுபோகவும் அனுமதி தரும் உரிமை நிகழ்த்துகிறவருக்கு உண்டு. 50 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் 39ஆம் பிரிவு, ஒருவர் சொந்தப் பயனுக்காகப் பதிவு செய்வதும், உண்மையான கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ பதிவு செய்வதும் மீறல் ஆகாது என்கிறது. மடியில் வைத்துப் பிடித்து வீட்டில் கேட்கலாம். யூடியூபில் ஏற்றுவதும் முந்நூறு பேர் கொண்ட குழுவில் போடுவதும் வேறு; அதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். இந்த உரிமை மேடையில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உண்டு என்பதைப் பாடகர்கள் மறந்துவிடுகிறார்கள். மிருதங்க வித்வானைக் கேட்காமல் நீங்களே ஏற்றினாலும் அதே தவறுதான்.

இன்னொரு கண்ணி: சபா தன் செலவில், தன் பொறுப்பில் பதிவு செய்தால் சட்டத்தின் கண்ணில் சபாதான் தயாரிப்பாளர், ஒலிப்பதிவின் பதிப்புரிமை அவர்களுக்கு. உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட முடியாது, ஆனால் அவர்கள் சம்மதம் இல்லாமல் நீங்களும் அந்தக் கோப்பை வெளியிட முடியாது. கச்சேரி தேதி உறுதியாகும்போதே, நாலு வரி மின்னஞ்சலில் இதை முடித்துவிடுங்கள்: யார் பதிவு செய்கிறார்கள்; சபா ஆவணக் காப்பகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; இணையத்தில் போடுவதானால் எத்தனை நாளுக்கு, அதற்கு எவ்வளவு; ஒரு பிரதி நமக்கு வர வேண்டும்; வெளியிடும் இடமெல்லாம் எல்லாக் கலைஞர் பெயரும் தலைப்பிலேயே வர வேண்டும். வாய்ப்புக் கேட்டு நிற்கும் நிலையில் இதெல்லாம் கேட்க முடியுமா என்று தோன்றும். காசுப் பேச்சை வேண்டுமானால் விட்டுவிடுங்கள். பிரதியையும் பெயரையும் கேட்டால் எந்தக் காரியதரிசியும் கோபிக்க மாட்டார்.

"இலவசமாக ஏன் கொடுக்க வேண்டும், ஸ்பாட்டிஃபையில் போட்டால் காசு வருமே" என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 2019இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது மாதச் சந்தா 119 ரூபாய். 18 சதவீத வரியைக் கழித்தால் ஏறக்குறைய 100. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களுக்கு என்று வைத்தால் 67. ஒருவர் மாதம் 600 உருப்படி கேட்டால் ஒன்றுக்கு 11 பைசா. உண்மையில் எல்லோருடைய சந்தாவும் ஒரே குளத்தில் விழுந்து பங்காகிறது என்பதால் இது தோராயம்தான். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களால் இன்னும் குறையும். பத்தாயிரம் முறை கேட்கப்பட்டால் 1,100 ரூபாய், அதிலிருந்து விநியோகஸ்தர் கட்டணம், பிறகு நால்வருக்குப் பங்கு. 30 நொடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. மூன்று நிமிட சினிமாப் பாட்டும் நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியும் ஒன்றே. 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட உருப்படிக்குப் பதிவு ராயல்டி சுத்தமாகக் கிடையாது. நம் பல்லவிகளில் பாதி அந்தக் கோட்டைத் தாண்டாது. ஆகவே ஏற்றுவதானால் ஆலாபனை, கிருதி, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்று பிரித்து ஏற்றுங்கள். இதைக் கலைக்கு இழுக்கு என்பவர்கள், அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டுக்காக மூன்றரை நிமிடத்தில் தோடியைப் பாடிக் காட்டியவர்களை நினைத்துக்கொள்ளலாம்.

இலவசமாகக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், நல்லதாகக் கொடுங்கள். கெட்ட பதிவுதான் பெயரைக் கெடுக்கும். செல்போன், சத்தம் கூடினால் தானாகவே ஒலியைத் தாழ்த்திவிடும். மிருதங்கத்தில் ஒரு கும்கி விழுந்ததும் பாட்டு அமுங்கி மெதுவாக மேலே வரும். கேட்பவர் "குரல் நிற்கவில்லையே" என்பார், குற்றம் கருவியுடையது. மிக்ஸரிலிருந்து நேரே வயர் எடுத்தாலும் இன்னொரு கோளாறு: சிறிய அரங்கில் மிருதங்கத்துக்கு ஒலிபெருக்கி அதிகம் தேவைப்படாது என்பதால் மிக்ஸரில் அது குறைவாக இருக்கும், குரல் மட்டும் காதுக்குள் வந்து பாடும். மேடைக்கு முன்னால் ஆறேழு அடி உயரத்தில் ஒரு ஜோடி மைக் வைத்து, இரண்டையும் கலப்பதே சரியான வழி. ஒலி ஒரு மீட்டர் பயணம் செய்ய ஏறக்குறைய 3 மில்லி நொடி. மைக் ஐந்து மீட்டர் தள்ளி இருந்தால் மிக்ஸர் தடத்தை 15 மில்லி நொடி தாமதப்படுத்திச் சேருங்கள், இல்லாவிட்டால் கிணற்றுக்குள் பாடுவது போல் இரட்டை ஒலி கேட்கும். பதிவின் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். மிக உரத்த இடம் -12 டெசிபலைத் தாண்டாதபடி அளவு. இரண்டரை மணி நேரத்துக்குச் சுமார் 2.6 ஜிபி வரும். மிருதங்கத்தைச் சுருதி கூட்டும் சுத்தியல் சத்தத்தையும் காரியதரிசி உரையையும் வெட்டி எறியுங்கள்.

முழுக் கச்சேரியையும் ஏற்றாதீர்கள். அமைப்பாளர் ஒருவர் உங்களை எடைபோட மூன்று நிமிடம் தருவார். அந்த மூன்று நிமிடமும் வர்ணத்தில், குரல் இன்னும் திறக்காத நேரத்தில் போய்விடும். பிரதான உருப்படி ஒன்று, தனி ஆவர்த்தனத்தோடு, கச்சேரிக் கடைசியில் பாடும் சிறு பாட்டான துக்கடா ஒன்று, போதும். தனியை வெட்டிவிட்டுப் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது, பக்கவாத்தியக்காரருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. டிக்கெட் விற்கும் சபாவின் கச்சேரியை அதே மாலையில் இலவசமாக நேரலை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது நாற்காலிக்கு நேர்ப் போட்டி. சீசன் முடிந்து பங்குனியில் போட்டால் அதே பதிவு அடுத்த மார்கழிக்கு ஆள் சேர்க்கும். போட்ட உருப்படியை அடுத்த மூன்று கச்சேரிக்குப் பாடாதீர்கள்.

கோப்பின் பெயரிலேயே எல்லாம் இருக்கட்டும்: பாடகர், வயலின், மிருதங்கம், கடம், ஊர், சபா, தேதி. வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறும்போது விளக்கக் குறிப்பு உதிர்ந்துவிடும், கோப்பின் பெயர் அவ்வளவு சீக்கிரம் உதிராது. முதல் ஐந்து நொடியில் பெயர்களைக் குரலில் சொல்லிவிடுவது இன்னும் பத்திரம். வானொலிக்காரர்கள் செய்த பழைய வேலைதான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். விடலாம். ஆனால் அது திரும்பப் பெற முடியாத உரிமம். நாளைக்கு நீங்கள் பதிவை நீக்கினாலும் ஏற்கெனவே எடுத்தவர் தொடர்ந்து பயன்படுத்தலாம். பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்கு ஆகாது, மாற்றக் கூடாது என்ற மூன்று நிபந்தனையும் உள்ள வகையை எடுங்கள். நாட்டியத்துக்கான பதிவை எந்த உரிமத்திலும் விட வேண்டாம். மாணவிக்குப் பயிற்சிக்குக் கொடுப்பதானால் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் "பயிற்சிக்கு மட்டும்" என்று குரல் வருமாறு கொடுங்கள். அது மேடைக்கு ஏறாது. மேடைக்கான பதிவுக்கு விலை வேறு, எந்த மாணவிக்கு, எத்தனை மேடைக்கு என்பது எழுத்தில்.

ஏற்றிய மறுநாளே, தியாகராஜர் கிருதிக்கு ஏதோ ஒரு கம்பெனி உரிமை கோரியதாக யூடியூபிலிருந்து தகவல் வரலாம். பதறாதீர்கள், அது இயந்திரம் செய்யும் பொருத்தம். ஐந்து நாளுக்குள் மறுப்புத் தெரிவித்தால் முதல் நாளிலிருந்து வரும் விளம்பரக் காசு தனியே நிறுத்தி வைக்கப்படும். "உருப்படி பொதுவுடைமை, இயற்றியவர் 1847இல் மறைந்தவர், இந்த ஒலிப்பதிவு என்னுடையது, இன்ன தேதி, இன்ன இடம்" என்று எழுதுங்கள். கோரியவருக்கு 30 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் கோரிக்கை தானாக விழும். பாபநாசம் சிவன் பாட்டுக்கு இதே வாசகத்தை ஒட்டிவிடாதீர்கள்.

கடைசியாக, செல்போனில் பிடிக்கும் ரசிகரை என்ன செய்வது? பெயர் போடாமல் தன் சேனலில் ஏற்றி விளம்பரக் காசு பார்க்கிறவர் என்றால், நீக்கச் சொல்லி யூடியூபுக்கு எழுதுங்கள், தயக்கம் வேண்டாம். அதற்கு முன் உங்கள் சொந்தப் பதிவு அங்கே இருக்கட்டும். தேடுகிறவருக்கு நல்லது முதலில் கிடைத்தால் மங்கலான செல்போன் பதிவை யார் திறப்பார்கள்? மூன்றாவது வரிசையில் சின்ன ரெக்கார்டரோடு உட்காரும் பெரியவர் வேறு ரகம். கச்சேரி முடிந்ததும் அவரிடம் போய் ஒரு பிரதி கேளுங்கள், கோப்பில் நால்வர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அவரிடம் உங்கள் குருவின் முப்பது வருடப் பழைய பதிவுகளும் இருக்கும், அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.